வலையில் பட்ட பந்து

1

பந்தடிக்கக் காசு கட்ட வேண்டும் என்று மகள் வந்து சொன்ன அன்றுதான், நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்பது எனக்கு முழுதாக உறைத்தது. முதன்முதல் பனியைப் பார்த்தபோதுகூட அப்படி உறைக்கவில்லை. பனி ஆண்டவன் கொட்டுவது. அதற்கு ஒருவரும் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் எங்களைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்த ஆட்கள். ஜேர்மனிக்கு வந்து இது நாலாவது குளிர்காலம். நான் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவுகிறேன். என் மனைவி தங்கம் வீட்டையும் என்னையும் பார்த்துக்கொள்கிறாள். அலுமாரிக்கு மேலே இருக்கும் பிள்ளையார் எங்கள் மூவரையும் பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது ஆள் எங்கள் ஒரே பிள்ளை வதனி. வயது பன்னிரண்டு.

வதனிக்கு ஒரு குறை இருந்தது. வந்த புதிதில் பாடசாலையில் அவள் வாயே திறப்பதில்லை என்று வாத்தியார் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

"நான் கதைக்கிறேல்லையாம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, வாத்தியாரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் அன்றைய கூட்டம்.

பிறகு பாஷை முழுதாக வந்தது. குரல் வரவில்லை. வெள்ளிக்கிழமை தேவாரத்தைக்கூட வாய்க்குள் வைத்தே விழுங்கிவிடுவாள். "பிள்ளையாருக்குப் பெரிய காது இருக்கெண்டு அதை நம்பி இப்பிடிப் பாடப்படாது" என்று தங்கம் ஏசுவாள். வதனி சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் சத்தமில்லாத சிரிப்பு.

அப்படிப்பட்ட பிள்ளை ஒரு நாள் பின்னேரம் வந்து, "அப்பா, நான் ஃபெறைனில சேரோணும்" என்றாள்.

எனக்கு 'ஹெறைன்' தெரியும். அரசாங்கக் கந்தோர்களில் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து வரும் சத்தம் அது. உள்ளே வா என்று அர்த்தம்.

"உள்ள போறதுக்கு ஏன் பிள்ளை என்னைக் கேட்கிறாய்? தட்டிப்போட்டுப் போ."

"ஐயோ அப்பா, ஹெறைன் இல்லை, ஃபெறைன். சங்கம். கரப்பந்து, வொலிபோல் சங்கம்."

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு. புறா வளர்க்கச் சங்கம், பாட்டுப் பாடச் சங்கம், நடப்பதற்குக்கூடச் சங்கம். பரந்தனில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நாங்கள் எத்தனை தரம் நடந்திருப்போம்! அதற்கெல்லாம் சந்தா கட்ட வேண்டியிருந்தால் காணியை விற்றிருக்க வேண்டும்.

சங்கத்துக்குச் சந்தா, சப்பாத்து, சட்டை, முழங்காலுக்கு உறை என்று வதனி அடுக்கிக்கொண்டு போனாள். "பந்தடிக்கக் காசோ?" என்று கேட்டு நான் என் பழங்கதையைத் தொடங்கப் பார்த்தேன். தங்கம் கண்ணைக் காட்டிக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, நாலு வருசத்திலை அவள் வாய் திறந்து கேட்ட முதல் சாமான் இது. வேணுமெண்டால் உங்கட கிழமைப் படக்கொப்பியை நிப்பாட்டுங்கோ."

சனிக்கிழமைகளில் நான் வாடகைக்கு எடுத்துவரும் தமிழ்ப் படத்தின் வீடியோ கொப்பியைத்தான் சொன்னாள். அது ஒன்றுதான் எனக்கிருந்த பொழுதுபோக்கு. பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் தங்கத்தின் பக்கம். நிப்பாட்டினேன்.

2

படம் பார்க்காமல் படம் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊரில் எங்கள் வாய்க்கால் கரையில் பத்துக் குடும்பம். கிளிநொச்சியில் படம் ஓடும். எல்லாரும் போய்ப் பார்க்க யாரிடம் வசதி? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரே ஒரு ரிக்கெற்றுக்குச் சேர்ப்போம். அந்த ரிக்கெற்றில் பெருமாளை அனுப்புவோம்.

பெருமாள் மலையகத்து ஆள். எழுபத்தேழுக் கலவரத்தோடு தோட்டத்தை விட்டுத் தாய் தகப்பனுடன் வன்னிக்கு வந்து, எங்கள் பக்கத்துக் காணியில் காடு வெட்டிக் குடியேறினவன். மலையின் ஒரு பக்கத்தில் நின்று மறுபக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவனுக்கு. அடுத்த நாள் பின்னேரம் எங்களுக்கு நடுவில் நின்று படம் முழுவதையும் நடத்திக் காட்டுவான். சண்டைக்கு அவனே அடிப்பான், அவனே விழுவான், அவனே வாயால் வாத்தியமும் வாசிப்பான்.

"நேத்து அங்க ஒரு தாய் செத்துச்சு பாருங்கண்ணே, எனக்கே தாங்கல" என்று தொடங்குவான். பெண்கள் அப்போதே முந்தானையை எடுத்துவிடுவார்கள்.

ஒரு முறை காசு கிடைத்து அதே படத்தை நானும் போய்ப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக இல்லை. பெருமாள் சொன்ன படம்தான் படம்.

பந்தடியும் அப்படித்தான் தொடங்கியது. யாரோ பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட பந்து ஒன்று கையில் வந்தது. சைக்கிள் கடையில் ரியூப்புக்கு ஒட்டுகிற மாதிரி அதற்கும் ஒட்டுப் போட்டோம். ஒட்டுப் போட்ட பக்கம் கையில் பட்டால் பந்து எந்தத் திசைக்குப் போகும் என்று போட்டவனுக்கும் தெரியாது. அரிவு வெட்டின வயலில் இரண்டு பாலைக் கம்பு நட்டு, நடுவில் ஒரு கயிறு. வலை இல்லை. அதனால் நாங்கள் அடித்ததைவிடச் சண்டை பிடித்ததுதான் கூட.

"மேலாலை போனது!"

"கீழாலைதான் போனது, உன்ர கண்ணை ஆரிட்டை ஈடு வைச்சாய்?"

கடையில் வலை விலை கேட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அப்போதுதான் பெருமாள் கேட்டான். "ஏண்ணே, வலைக்காகக் கடைக்குப் போறோம்? முல்லைத்தீவுல ஊரே வலையாத்தான இருக்கு?"

3

இங்கே சந்தா கட்டி, சப்பாத்தும் வாங்கியாகிவிட்டது. முழங்கால் உறையில்தான் நான் கையை வைத்தேன்.

இங்கே மாதத்தில் ஒரு நாள் வேண்டாத சாமான்களை வீதியோரம் வைப்பார்கள். கதிரை, மெத்தை, அலுமாரி எல்லாம் நல்ல நிலையில் கிடக்கும். எங்கள் வீட்டில் பிள்ளையாரைத் தவிர எல்லாம் அப்படி வந்ததுதான். அன்று ஒரு கதிரை கிடைத்தது. அதன் பஞ்சை அறுத்தெடுத்து, பழைய கோட் ஒன்றின் கையை வெட்டி, உள்ளே வைத்துத் தைத்து, இறுக்க லாஸ்ரிக்கும் போட்டேன். பார்க்க இரண்டு சின்னத் தலையணை மாதிரி இருந்தது. ஆனால் உறுதி. கல்லில் விழுந்தாலும் நோகாது.

வதனி போட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று மெதுவாக, "பைன்லிஷ்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இங்கிலீசில் 'பைன்' என்றால் திறம் என்று ஊரில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். "பிள்ளை பைன் எண்டு சொல்லிப்போட்டாள்" என்று தங்கத்திடமும், குசினியில் என்னோடு கோப்பை கழுவுகிற துருக்கி ஆளிடமும் சொன்னேன். அவர் பத்து வருசம் இங்கே இருக்கிறவர். சிரித்து முடித்துவிட்டுத்தான் அர்த்தம் சொன்னார். பைன்லிஷ் என்றால் வெட்கக்கேடு.

உறைகளை எடுத்துத் தங்கத்திடம் கொடுத்தேன். அவள் இன்று வரை அவற்றைப் போட்டுக்கொண்டுதான் முழங்காலில் நின்று நிலம் துடைக்கிறாள். ஆக, நட்டமில்லை. சங்கத்து அலுமாரியில் ஆரோ விட்டுப்போன உறை இருந்தது. வதனிக்குப் பந்து பழக்குகிற உர்சுலா அம்மா அதைக் கொடுத்துவிட்டா.

இதற்குப் பிறகுதான் உண்மையான கரைச்சல் வந்தது. ஒரு பின்னேரம் வதனியைக் கூட்டிவர மண்டபத்துக்குப் போனேன். உள்ளே ஒரே கூச்சல்.

"மைனா! மைனா!"

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். இந்தக் குளிரில் மைனா எங்கே உள்ளே வந்தது என்று தேடினேன். ஒரு குருவியும் இல்லை. பிள்ளைகள் பந்தைப் பார்த்துத்தான் கத்தினார்கள். வதனியும் செம்பட்டைத் தலைமுடிக்காரி ஒருத்தியும் ஒரே பந்துக்கு ஓடினார்கள். அவள் பெயர் சபீனா. வதனி வாய் திறக்கவில்லை. இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். சபீனாவின் மூக்கில் இரத்தம்.

உர்சுலா அம்மா நல்ல மனுசி. ஏசவில்லை. வதனியைத் தள்ளிக் கூட்டிப் போய் ஏதோ சொன்னா. பஸ்ஸில் வரும்போது வதனி அதை எனக்குச் சொன்னாள்.

"மைனா எண்டா 'என்ர' எண்டு அர்த்தம், அப்பா. பந்து என்ர, நீங்கள் விலகுங்கோ எண்டு கத்தோணும். கத்தாட்டி மற்றவைக்கு அடிபடுமாம். கத்தப் பழகினால்தான் அடுத்த ஊர்ப் போட்டியிலை விளையாட விடுவாவாம்."

"அதுக்கென்ன, கத்தன்."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "வருகுதில்லை, அப்பா. இஞ்சை என்னதான் என்ர? என்ர இல்லாததை எப்பிடி என்ர எண்டு கத்துறது?"

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். முருகா என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். பிள்ளை வாய் திறந்து கத்தினால் ஒரு தேங்காய். இங்கே தேங்காய் விற்கிற விலைக்கு அது பெரிய நேர்த்திதான். ஆனால் பிள்ளையாரிடம் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது.

4

வலைக் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

நானும் பெருமாளும் வலைக்கு விலையாக ஒரு மூட்டை நெல்லும் கொஞ்சம் செத்தல் மிளகாயும் கட்டிக்கொண்டு, மாங்குளத்தில் பஸ் மாறி முல்லைத்தீவுக்குப் போனோம். கரையில் விசாரித்தபோது எல்லாரும் ஒரே ஆளைத்தான் கை காட்டினார்கள். சூசை அண்ணை. கழுத்தில் செபமாலை, காதில் பாதி பீடி, மடியில் வலை. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"வாங்கோ தம்பிமார். எந்தப் பக்கத்துக் கடலுக்கு?"

"கடலுக்கு இல்லை அண்ணை. நாங்கள் இரணைமடு."

"குளத்து மீனுக்கோ?"

"மீனுக்கும் இல்லை. பந்துக்கு."

அப்போதுதான் நிமிர்ந்தார். "பந்துக்கோ? எவ்வளவு பெரிசு?"

கையால் காட்டினேன். என் கைக்கு நடுவில் இருந்த வெறுமையைச் சூசை அண்ணை மீனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"சரி. அது வலையிலை பட்டால் ஆருக்கு?"

"மற்றப் பக்கத்தார் போடுற பந்து வலையிலை பட்டால் எங்களுக்கு லாபம், அண்ணை."

"கன பந்து படுமோ?"

"நல்லா படும்ணே" என்றான் பெருமாள். "அவனுங்களுக்குப் போடவே தெரியாது."

"அப்ப சரி" என்றார் சூசை அண்ணை. "பட வைப்பம்."

எங்களுக்குப் படுவது என்றால் முட்டுவது. கடற்கரையில் படுவது என்றால் அகப்படுவது. அங்கே ஒருவரையொருவர் கண்டால் சுகம் விசாரிப்பதற்கு முதல், "இண்டைக்கு என்ன பட்டது?" என்றுதான் கேட்பார்கள். இது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வலை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

வலை மாங்குளம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. என்ன வடிவு! பச்சை நைலோன் நூல், ஒரே அளவான கண்கள், மேலே மிதப்புக்கட்டை, கீழே ஈயக்குண்டு. கம்பில் கட்டினோம். நடுவில் வயிறு வைத்த மாதிரித் தொய்ந்து நின்றது. இழுத்துக் கட்டினால் மீன் முட்டிவிட்டு ஓடிவிடும், தொய்ய விட்டால்தான் அகப்படும். சூசை அண்ணை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்.

முதல் பந்தை நான் போட்டேன். வலையில் போய் முட்டியது. கீழே விழவில்லை. அந்த வயிற்றுக்குள்ளேயே சுகமாகப் படுத்துக்கொண்டது. வாய்க்கால் கரையே அந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மீனு!" என்று கத்தினான் பெருமாள். "மீனு மாட்டிக்கிச்சு!"

அடுத்த முறை சந்தைக்கு முல்லைத்தீவுப் பக்கம் போனபோது சூசை அண்ணையிடம் முறையிட்டேன். மனுசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"படோணும் எண்டு நீங்கள்தானே சொன்னியள்? படாத வலை கட்டினனான் எண்டு வெளியிலை தெரிஞ்சால் நான் இந்தக் கரையிலை என்னெண்டு தம்பி முகம் காட்டுறது? மாதாவாணை, இந்தக் கையாலை அப்பிடி ஒரு வலை கட்டமாட்டன்."

வலையை மாற்றக் காசில்லை. விதியை மாற்றக் காசு தேவையில்லை. அதனால் விதியை மாற்றினோம். பந்து வலைக்குள் படுத்துக்கொண்டால், எந்தப் பக்கத்தான் முதலில் 'மீன்' என்று கத்துகிறானோ பந்து அந்தப் பக்கத்துக்கு. அவ்வளவுதான். பெருமாள் நிற்கிற பக்கம் தோற்றதே இல்லை.

ஒரு முறை புளியங்குளத்திலிருந்து ஒரு குழு வந்தது. எல்லாரும் கன்வஸ் சப்பாத்து, விசிலோடு ஒரு நடுவர். எங்களுக்கு வெறும் கால். நன்றாகத்தான் அடித்தார்கள். ஆனால் பந்து வலைக்குள் விழும்போதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நாங்கள் பத்துப் பேரும் 'மீன்' என்று கத்த, கரையில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அவர்களில் ஒருவன் சப்பாத்தால் மண்ணை உதைத்தான். "இது பந்தடியோ, மீன்பிடியோ?"

"ரெண்டுந்தாங்க" என்றான் பெருமாள். "சப்பாத்தக் கழட்டிட்டு இறங்குங்க, சேர்ந்து இழுக்கலாம்."

அவர்களும் கடைசியில் சிரித்துவிட்டார்கள். திரும்பிப் போகும்போது லொறியின் பின்னால் நின்று 'மீன், மீன்' என்று கத்திக்கொண்டுதான் போனார்கள்.

பிறகு காலம் மாறியது. வெளியில் பத்து இளந்தாரிகள் கூடி நிற்பது நல்லதில்லை என்கிற நாட்கள் வந்தன. வலையைக் கழற்றித் தங்கம் கோழிக்கூட்டைச் சுற்றிக் கட்டினாள். கோழி ஒன்றும் தப்பவில்லை. சூசை அண்ணையின் வலையல்லவா!

5

கத்தப் பழகுவதை வீட்டிலேயே தொடங்கினோம். வீடு என்றால் செலவில்லை. "மைனா எண்டு கத்து பிள்ளை" என்று நானே கத்திக் காட்டினேன். கீழ் வீட்டு அம்மா விளக்குமாற்றுத் தடியால் கூரையில் இடித்தா. வதனி கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை ஆற்றங்கரைப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீதியோரச் சாமானில் எடுத்த யன்னல் திரைச்சீலை ஒன்று இருந்தது. வெள்ளை, வலை மாதிரி. இரண்டு மரத்துக்கு நடுவில் உடுப்புக் காயப்போடும் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டேன். வதனி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஆராவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்டுவிடுவார்களோ என்ற பயம்.

அவள் அடித்த முதல் பந்து திரைச்சீலையில் போய் விழுந்து, வயிற்றுக்குள் படுத்துக்கொண்டது.

"மீன்!" என்றேன். நான் நினைத்துச் சொல்லவில்லை. தொண்டையில் இருந்தது வந்துவிட்டது.

"என்னப்பா, மீனோ?"

கதை முழுவதையும் அங்கேயே நின்று சொன்னேன். பெருமாள் மாதிரி நடத்தியே காட்டினேன். சூசை அண்ணை மாதாமேல் ஆணையிட்ட இடத்தில் வதனி புல்லில் குந்திவிட்டாள். சத்தமாகச் சிரித்தாள். என் பிள்ளைக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"சரி, எழும்பு. முதல் கத்துற ஆளுக்குத்தான் பந்து."

முதலில் எல்லாப் பந்தும் எனக்கு. அவள் வாயைத் திறப்பாள், அதற்குள் நான் கத்திவிடுவேன். "என்னை ஏமாத்திறியள் அப்பா" என்றாள். "கத்து, தாறன்" என்றேன். ஒரு முறை மெல்லமாக 'மீன்' என்றாள்.

"எனக்கே கேட்கேல்லை. சூசை அண்ணைக்குக் கேட்கோணும். அவர் கடலிலை நிக்கிறார்."

அடுத்த பந்துக்கு அவள் கத்தின கத்தில், தூரத்தில் ஒரு கிழவர் கூட்டிக்கொண்டு போன நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தது. அதன் பின்னால் கிழவரும் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்டோம். அவர் திரைச்சீலையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார்.

"இதே மாதிரி மைனா எண்டு கத்தன்" என்றேன்.

"அது அவையின்ர சொல்லு, அப்பா" என்றாள். பழையபடி குரல் உள்ளே போய்விட்டது.

6

போட்டி அடுத்த ஊரில் என்றேன் அல்லவா? எங்களைப் போல அகதி விண்ணப்பம் போட்டவர்கள் இந்த மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் கந்தோரில் அனுமதி வாங்க வேண்டும். பஸ்ஸில் அரை மணித்தியாலம், ஆனால் அது வேறு மாவட்டம். வதனி பாடசாலையில். மொழிபெயர்க்க ஆள் இல்லை. திருநீறு பூசிக்கொண்டு, அதைக் குளிர்த்தொப்பியால் மூடிக்கொண்டு நான் தனியே போனேன்.

கதவைத் தட்டினேன். "ஹெறைன்." உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா. மகள், கரப்பந்து, சனிக்கிழமை என்று எனக்குத் தெரிந்த மூன்று சொல்லையும் அவிழ்த்துவிட்டேன்.

"ஃபெறைன்?" என்று கேட்டா.

இன்னும் உள்ளே வரச் சொல்கிறா என்று நினைத்து ஓரடி முன்னுக்கு வைத்தேன்.

"ஃபெறைன்?" என்றா மறுபடியும், கொஞ்சம் உரத்து.

இன்னும் ஓரடி. மூன்றாம் தரம் கேட்டபோது என் முழங்கால் மேசையில் முட்டியது. அதற்கு மேல் போவதென்றால் மேசையில் ஏறித்தான் போக வேண்டும். அந்த அம்மா பேனையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்தச் சங்கம் என்று கேட்கிறா! "ஃபெறைன்! ஃபெறைன்!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவவும் விளங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. என் பெயரையும் வதனியின் பெயரையும் எழுதி முத்திரை குத்தித் தந்துவிட்டா.

கந்தோரில் சிரித்துக்கொண்டு முத்திரை குத்தி நான் கண்டது அந்த ஒரு தரம்தான். முட்டின முழங்காலுக்கு நான் தைத்த உறை இருந்திருந்தால் நோகாமல் இருந்திருக்கும்.

7

சனிக்கிழமை. தங்கம் கட்லட்டும் தேத்தண்ணீரும் கட்டித் தந்தாள். அங்கே கடையில் வாங்கினால் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரின் விலைக்கு நாங்கள் வீட்டில் ஒரு கிழமை குடிக்கலாம்.

மண்டப வாசலில் வதனி என் கோட்டைப் பிடித்தாள். "அப்பா, நீங்கள் சத்தம் போடப்படாது."

"பிள்ளையாராணை, வாயே திறக்கமாட்டன்."

முதலில் வதனி ஓரத்து நீள வாங்கிலில்தான் உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒரு பிள்ளைக்குக் கால் சுளுக்க, உர்சுலா அம்மா வதனியைப் பார்த்தா. வாயருகே கையை வைத்து, கத்துவியோ என்பது போல் கேட்டா, வதனி தலையை ஆட்டினாள். பிறகு கையைக் காட்டினா. வதனி எழும்பிப் போனாள்.

வந்த முதல் பந்து அவளுக்கும் சபீனாவுக்கும் நடுவில். சபீனா மூக்கைத் தொட்டுக்கொண்டு பின்வாங்கினாள். வதனியும் நின்றுவிட்டாள். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. உர்சுலா அம்மா கடதாசியைப் பார்த்தா, வேறு பிள்ளையை இறக்க யோசிக்கிறா என்று எனக்குத் தெரிந்தது. நான் சட்டைப்பையில் இருந்த திருநீற்றுக் கடதாசிச் சரையை இறுக்கிப் பிடித்தேன். ஆணையிட்டுவிட்டேன், கத்த முடியாது. அந்த ஆணையை ஏனடா இட்டேன் என்று இருந்தது.

அடுத்த பந்து வலையின் மேல் விளிம்பில் முட்டியது. முட்டி, விளிம்பு வழியே உருண்டு, இந்தப் பக்கம் விழப் பார்த்தது. மூன்று பிள்ளைகள் அதை நோக்கிச் சாய்ந்தார்கள்.

"மீன்!"

மண்டபமே வதனியைத் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் விலகிவிட்டார்கள். என்ன சொல் என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எந்த நாட்டுப் பிள்ளையும் விலகும். வதனி கீழே பாய்ந்து பந்தை எடுத்துவிட்டாள். சபீனா அதை அடித்தாள். புள்ளி.

உர்சுலா அம்மா கடதாசியைக் கீழே வைத்தா.

ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் வதனியைச் சுற்றி நின்றார்கள். சபீனா ஏதோ கேட்டாள். வதனி, "ஃபிஷ்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது பைன்லிஷ் என்று சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். அவளும் சிரித்தாள். கையையும் காலையும் ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தூரத்தில் நின்ற எனக்குச் சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் கையாட்டலை எனக்குத் தெரியும். அது பெருமாள் சண்டைக்காட்சி காட்டுகிற கையாட்டல்.

பிறகு சபீனாவும் ஒரு பந்துக்கு 'மீன்' என்று கத்தினாள். அவளுடைய வாயில் அது 'மீஈன்' என்று கொஞ்சம் நீண்டது. பரவாயில்லை, வளர்ந்த மீன்.

போட்டியில் தோற்றுவிட்டார்கள். அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். நன்றாகத்தான் தோற்றார்கள்.

பஸ்ஸில் கட்லட் சாப்பிட்டுக்கொண்டு வந்தோம். எல்லை தாண்டும் இடத்தில் நான் முத்திரைக் கடதாசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வதனி வாய் நிறையச் சாப்பாட்டோடு கேட்டாள்.

"அப்பா, கடைசிப் பந்துக்கு நான் என்னெண்டு கத்தினனான் எண்டு கேட்டதோ?"

"மீன் எண்டு."

"இல்லை" என்றாள். "மைனா எண்டு."

அடுத்த நாள் தேங்காய் வாங்கி ஆற்றங்கரைக் கல்லில் உடைத்தேன். சரி பாதியாகப் பிளந்தது. பாதியைத் தங்கம் சம்பல் இடித்தாள். நேர்த்தியும் தீர்ந்தது, காலைச் சாப்பாடும் முடிந்தது. வெள்ளிக்கிழமை வதனி பாடின தேவாரத்துக்குக் கீழ் வீட்டு அம்மா மறுபடியும் தடியால் இடித்தா. தங்கம் குனிந்து நிலத்தைப் பார்த்து, "இடிங்கோ, இடிங்கோ" என்றாள், மிகவும் சந்தோஷமாக.

இதை வாசிக்கிற ஆராவது முல்லைத்தீவுக் கரைக்குப் போனால், சூசை அண்ணையைத் தேடிப் பாருங்கோ. மடியில் வலையோடு இருப்பார். உங்களைக் கண்டதும் தலையை நிமிர்த்தாமல், என்ன பட்டது என்றுதான் கேட்பார். அவர் எங்களுக்குக் கட்டித் தந்த வலையில், ஜேர்மனியில், ஒரு பிள்ளையின் குரல் பட்டிருக்கிறது என்று சொல்லுங்கோ. அவருக்கு விளங்கும்.